ஆள் விட்டுக் கேட்ட ஆய்வகம்

ஆய்வகத்தில் மற்றவர்களின் மேசைகளில் பெயர் அச்சடித்த பலகை இருந்தது. என் மேசையில் மட்டும் வெள்ளை ஒட்டுநாடாவில் பேனாவால் 'ஷைனி' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். கிழித்து எடுக்க வசதி. அமெரிக்கா வந்த முதல் வாரத்திலேயே இது என் கண்ணில் பட்டுவிட்டது. சந்தேகப்படுவதில் எங்கள் வீட்டாரை யாரும் மிஞ்ச முடியாது. நான் அந்த வீட்டுப் பெண்.

பாறசாலைக்குப் பக்கத்தில், வீட்டுக்குள் தமிழும் பஸ்ஸில் மலையாளமும் பேசுகிற ஊர் எங்களுடையது. தாவரவியலில் பி.எஸ்சி. முடித்த கையோடு, எம்.எஸ்சி. இல்லாமலே முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னபோது வீட்டில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. நெய்யாற்றின்கரையில் குமாஸ்தாவாக இருக்கும் சித்தப்பா என்னை உட்காரவைத்து விசாரித்தார். "இடையில ஒரு படிப்ப விட்டுட்டு வா, சம்பளமும் தாறேன்னு எவனாவது சொல்லுவானா? இதுல வேற என்னமோ உண்டு மக்கா," என்றார். அம்மா தேவாலயச் சபையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏமாந்து திரும்பி வந்தால் நாலு பேருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்ற முன்யோசனை. விமானம் ஏறிய பிறகும் எனக்கே அந்தச் சந்தேகம் தீரவில்லை.

வந்து பார்த்தால் சித்தப்பா சொன்னது சரிதான் போலிருந்தது. என்னைப் போல நேரடியாக வருகிறவர்களுக்கு முதல் வருடம் வழிகாட்டி என்று யாரும் கிடையாது. சில வாரம் ஒரு ஆய்வகம், சில வாரம் இன்னொன்று என்று மாறிமாறி வேலை பார்க்க வேண்டும். அதற்கு ரொட்டேஷன் என்று பெயர். வருடம் முடிவதற்குள் ஒரு பேராசிரியர் நம்மை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் எம்.எஸ்சி. பட்டத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஊரிலிருந்து வர நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது. அம்மாவிடம் போனில் சொன்னேன். "அது கிடைக்குமானா நல்லதில்லியா மக்கா? வாங்கிட்டு வந்திரு," என்றாள். அவள் குரலில் அத்தனை நிம்மதி. எனக்கோ அழுகை வந்துவிட்டது.

எனக்கு வேண்டியிருந்தது, நான் முதலில் போய்ச் சேர்ந்த எலன் என்ற பேராசிரியரின் ஆய்வகம். காய்ந்த மண்ணில் தக்காளி வேர் ஈரத்தைத் தேடி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கிற வேலை. அவ்வளவு ஆசையாக வேறெதையும் நான் செய்ததில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் வேண்டியதை நேரே போய்க் கேட்கிற வழக்கமில்லை. பக்கத்து ஊரான பாலராமபுரத்தில் பெண் கேட்பதென்றாலும் சரி, நம் கூரைமேல் சாய்கிற அடுத்த வீட்டுத் தென்னையை வெட்டச் சொல்வதென்றாலும் சரி, நடுவே ஒரு ஆள் போய்வருவார். நேரே கேட்டால் மறுக்கிறவருக்குச் சங்கடம், கேட்டவருக்கு மானக்கேடு. அதனால் மார்க்கஸைப் பிடித்தேன். அங்கே மூத்த மாணவன், எலனோடு சிரித்துப் பேசுகிறவன். என்னைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்றேன். ஏதாவது பிரச்சினையா என்று கேட்டான். அதெல்லாம் இல்லை, சும்மா ஒரு வார்த்தை போதும் என்றேன்.

மறுநாளிலிருந்து எலன் ஆளே மாறிவிட்டார். தினமும் என் வேர்களை எட்டிப் பார்க்கிறவர் நிற்காமல் போனார். மாணவர்களைத் தேடும் வேறு ஆய்வகங்களின் பெயர்களை மின்னஞ்சலில் அனுப்பினார். மார்க்கஸ் ஏதோ கோள் மூட்டிவிட்டான் என்று முடிவு கட்டினேன். அவன் காப்பி நீட்டினாலும் வேண்டாம் என்றேன். சிரித்தால், எதற்குச் சிரிக்கிறான் என்று யோசித்தேன்.

அந்த ரொட்டேஷனின் கடைசி வாரத்தில் எலன் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"ஷைனி, இங்கே யாராவது உன்னிடம் தவறாக நடந்தார்களா?" என்றார்.

அப்படி யாருமில்லை என்று பதறிச் சொன்னேன். மெல்ல மெல்லத்தான் விஷயம் விளங்கியது. என் தயக்கத்தைப் பார்த்த மார்க்கஸ், ஷைனிக்கு ஏதோ மனக்குறை, நேரே சொல்லப் பயப்படுகிறாள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறான். நான் கிளம்பப் பார்க்கிறேன் என்று நினைத்து, நெருக்கடி கொடுக்கக் கூடாதென்று அவர் ஒதுங்கி, போவதற்கு வழியும் காட்டியிருக்கிறார். இத்தனை நாளும் அவர் சந்தேகப்பட்டது என்னையல்ல, தன் ஆய்வகத்தையே.

"நான் இங்கேயே இருக்க ஆசைப்படுகிறேன்," என்றேன். "என்னை எடுத்துக்கொள்வீர்களா?"

"நீ கேட்பாயா என்றுதான் காத்திருந்தேன். வாய் திறந்து கேட்காதவர்களை நான் எடுப்பதில்லை," என்றார்.

உடனே அம்மாவை அழைத்தேன். இடம் கிடைத்துவிட்டது, நானே நேரில் கேட்டேன் என்று பெருமையாகவே சொன்னேன்.

"நீயாப் போயா கேட்டே? அப்பிடிக் கேட்டு வாங்கினா நாளைக்கு அவிய நம்மள மதிப்பாவளா மக்கா? பாத்து இருந்துக்க."

இவளுக்கு இந்த ஊர் வழக்கம் என்ன தெரியும் என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். அடுத்த நாள் எலன் பூட்டுள்ள ஒரு இழுப்பறையைக் காட்டி, படிப்பு முடியும்வரை இது உன்னுடையது என்று சாவியைக் கொடுத்தார். பையைத் திறந்து புத்தகங்களை அடுக்கினேன், குளிருக்கு வைத்திருந்த சால்வையையும் வைத்தேன். இடம் நிறையவே மிச்சமிருந்தது. பாதியில் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. மீதியைப் பையிலேயே விட்டு, ஜிப்பை இழுத்து மூடி, காலடியில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.