சேர்த்துக்கொள்ளும் பயிற்சி

ஜமுனாமரத்தூர் டீக்கடையில் இப்போது என்னை யாரும் கோவிந்தன் என்று கூப்பிடுவதில்லை. "இன்னா டாக்கா, ஒரு டீயா?" என்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப்பேர் ஐந்தாவது வரை என்னோடு படித்தவர்கள். அதற்குமேல் நானும் படிக்கவில்லை, அவர்களில் பலரும் படிக்கவில்லை. இளவயதில் மலையிலிருந்து இறங்கி வாணியம்பாடி ஷூ கம்பெனியில் சேர்ந்தபோது அங்கே என் பெயர் 'மலை'. டாக்கா போனதும் 'இந்தியா' ஆனேன். எந்த ஊரில் இருக்கிறேனோ அந்த ஊரின் பெயர் மட்டும் எனக்குக் கிடைத்ததே இல்லை. வெளியில் போய்ப் பிழைக்கிற உங்களில் பலருக்கும் இப்படித்தான் இருக்கும். டீக்கடைக்கார முருகேசன் எனக்கு மச்சான் முறை. "அந்த நாட்டுல பெரிய தலைங்களே ராத்திரியோட ராத்திரியா ஓடிட்ச்சாமே, நீ இன்னாத்துக்கு மச்சான் அவ்ளோ லேட்டா வந்த?" என்று நான் திரும்பியதிலிருந்து கேட்கிறான். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என்னை டாக்காவுக்கு அழைத்துப் போனவர் இம்தியாஸ் பாய். வாணியம்பாடிக்காரர். டாக்காவுக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் எங்கள் பகுதி ஆட்களை மேற்பார்வைக்கு வைத்திருந்தார்கள். அவர் எங்களுக்குத் தலைவர். வாணியம்பாடியில் தோல் தைத்துக்கொண்டே நான் உருது பேசக் கற்றிருந்தேன். மலைக்காரன் உருது பேசுகிறான் என்று அங்கே எனக்குத் தனி மரியாதை. அதே பெருமையோடு டாக்காவில் முதல் நாள், தையல் மெஷின் லைனில் மூத்தவரான ரஃபிக் பாயிடம் உருதுவில் நலம் விசாரித்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "இந்தப் பாஷையை இங்க பேசாதீங்க" என்றார். உருதுவைத் திணித்தபோது தங்கள் மொழிக்காக அந்த நாட்டில் ரத்தம் சிந்தியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துச் சரித்திரம் அசோகர் சாலையோரம் மரம் நட்டதோடு நின்றுபோனது. பிறகு அவர்கள் மொழியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டேன். இந்து ஆண்களை அங்கே 'தாதா' என்பார்கள். அண்ணன் என்று அர்த்தம். என்னைக் கண்டால் ஆடுகூட வழிவிடாது. எனக்கு அந்தப் பட்டம்.

பிறகு அரசாங்கத்தை எதிர்த்து அங்கே கல்லூரிப் பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். ஊரடங்கு வந்தது, இன்டர்நெட் போனது. இம்தியாஸ் பாய் கிடைத்த விமானத்தில் கிளம்பினார். போகும்போது என் தோளில் கைவைத்து, "கோவிந்தா, நாலு நாள்ல போய்ட்டு வர்றேன். தையல் ஃப்ளோர நீ பாத்துக்கோ. இன்னா ஆனாலும் மூஞ்சிய சிரிச்சா மாதிரி வெச்சுக்கோ. தலைவன் மூஞ்சி தொங்கிச்சின்னா லைனும் தொங்கிடும்" என்றார். அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை. மற்ற மேற்பார்வையாளர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நான் ஏன் போகவில்லை என்றால், போகலாமா என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றதுதான் காரணம். அதைக் கம்பெனி துணிச்சல் என்று எடுத்துக்கொண்டு என்னை ஃப்ளோர் தலைவர் ஆக்கியது.

அரசாங்கம் கவிழ்ந்து, இன்டர்நெட் திரும்பியதும், முதலில் வந்தது பயிற்சிதான். எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்த ஒரு பெண்மணி திரையில் தோன்றி, கலவர காலத்தில் தொழிற்கூடத்தை எப்படி நடத்துவது என்று சொல்லிக்கொடுத்தார். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, ஆபீஸ்காரர் ஒருவர் வங்காளியில் சொல்ல, நான் மனதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டேன். தலைவன் நம்பிக்கையைப் பரப்ப வேண்டும். எல்லாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒருவரையும் வெளியே நிற்கவிடக் கூடாது. நல்ல வார்த்தைகள்தான். பிறகு ஒவ்வொருவரும் அந்த வாரம் நடந்த ஒரு சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும் என்றார். என் முறை வந்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. கேமரா அணைந்திருக்கிறது என்று நினைத்துத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தேன். நான் அழுகிறேன் என்று நினைத்துத் திரையில் இருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் பயிற்சியில் நான் தேறிவிட்டேன்.

ஃப்ளோரில் பிரச்சினை வேறாக இருந்தது. சல்மா என்று ஒரு தையல்காரி. அவள் புருஷனின் தம்பி, கவிழ்ந்த கட்சியின் ஆள். கூட்டத்துக்கு ஆள் பிடித்துப் போகிறவன். கலவரத்தில் அவன் தலைமறைவாகிவிட்டான். புருஷன் எப்போதோ இறந்துபோனவர். ஆக, கோபத்தைக் காட்ட அந்த வீட்டில் மிச்சம் இருந்தது அவள்தான். ரஃபிக் பாயின் மகனுக்குப் போராட்டத்தின்போது தெருவில் காலில் குண்டு பட்டிருந்தது. "அவ வெளிய போனாத்தான் மெஷின்ல கால் வைப்போம்" என்று ஆட்கள் எழுந்து நின்றார்கள். நான் ஆபீசுக்குப் போன் செய்தேன். "எல்லாரையும் அரவணைச்சுப் போங்க. அந்தப் பெண்ணை மட்டும் கொஞ்ச நாள் வீட்டுல இருக்கச் சொல்லுங்க" என்றார்கள். இதை அவளிடம் சொல்ல நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்: "தாதா, இங்க இருக்கிற வரைக்கும் நான் தையல்காரி. வேலைய விட்டு வெளிய போனா அவனோட அண்ணி. தெருவுல என்னை விடமாட்டாங்க."

எனக்கு வழி தெரியவில்லை. எங்கள் ஊரில் செய்வதைச் செய்தேன். சாமைக் காட்டில் களை எடுக்க வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும். பேச்சுவார்த்தை அறுந்துபோன வீட்டையும் கூப்பிட்டே ஆகவேண்டும். அவர்களும் வந்தே ஆகவேண்டும். அப்படிப்பட்ட இரண்டு பேரைப் பக்கத்துப் பக்கத்துச் சாலில் நிறுத்துவோம். அவனுக்குப் பின்தங்கக் கூடாது என்று இவனும், இவனுக்குப் பின்தங்கக் கூடாது என்று அவனும் ஓடுவார்கள். காடு முடிகிற வரை சண்டையை எடுக்கக் கூடாது. முடிந்ததும் அவரவர் கோபத்தோடு அவரவர் வூட்டுக்குப் போகலாம். சமாதானம் செய்துவைக்கிற வழக்கமெல்லாம் இல்லை. அப்படியே சல்மாவை எழுப்பி ரஃபிக் பாய்க்கு அடுத்த மெஷினில் உட்கார வைத்தேன். "இந்த ஆர்டர் கப்பல் ஏறுற வரைக்கும் யாரும் எதுவும் பேசக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். ரஃபிக் பாய் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஆனாலும் உட்கார்ந்தார். மூத்தவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

அந்த லைன் அதுவரை அப்படி ஓடியதே இல்லை. சல்மா தைத்துத் தள்ள, அவர் அதை வாங்கி அடுத்த தையல் போட்டுத் தள்ள, இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் மூச்சுத் திணற அடித்தார்கள். ஆபீசிலிருந்து வந்து போட்டோ எடுத்தார்கள். பகையை மறந்து கைகோத்த ஃப்ளோர் என்று அந்தப் படத்தை மற்ற பிரிவுகளுக்கும் அனுப்பினார்கள். திரைப் பெண்மணி என்னைப் பாராட்டினார். அவர்கள் பகையை மறக்கவில்லை அம்மா, பகையில்தான் தைக்கிறார்கள் என்று சொல்ல எனக்கு அவர் பாஷை தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம். ஒரு பாராட்டை மறுப்பதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

ஆர்டர் கப்பல் ஏறியது. மறுநாளே கேட்டில் வெளியாட்கள் வந்து சல்மாவைப் பற்றி விசாரித்தார்கள். எங்கள் ஃப்ளோரிலும் முணுமுணுப்பு பழையபடி கிளம்பியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரஃபிக் பாய் என்னிடம் வந்தார். பின்னால் ஓரடி தள்ளி சல்மா.

"தாதா, ஆளுங்க கொதிச்சுக் கிடக்குறாங்க. யாராவது ஒருத்தர் வெளிய போயாகணும்" என்றார்.

"சல்மாவா?"

"அவ எதுக்கு? அவள எனக்குப் பிடிக்காதுதான். ஆனா அவ மாதிரி தைக்கிறவ கிடைக்கமாட்டா. வேற ஆளு வந்தா என் வேலை கெட்டுப்போகும்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஓடிப்போனவங்களுக்கு இடம் கொடுத்ததுன்னு இப்ப ஊருல எல்லாருக்கும் இந்தியா மேலயும் கோபம் இருக்கு. நீங்க போனீங்கன்னா, ஒருத்தரை அனுப்பிட்டோம்னு ஆளுங்க அடங்கிடுவாங்க. கேட்டுல வந்து நிக்கிறவங்களுக்கும் நான் பதில் சொல்லிக்குவேன்."

நான் சல்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "உங்களுக்குப் போறதுக்கு ஒரு நாடு இருக்கு, தாதா" என்றாள்.

அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை நான் பார்த்தது அப்போதுதான். எனக்கு வருத்தமாக இருந்தது; கூடவே, பொய் சொல்வானேன், கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. உடம்புக்கு முடியவில்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டேன். விடைகொடுக்கவும் திரையில்தான் கூடினார்கள். வெளிநாட்டவர் ஒருவரையே தலைவராக ஏற்றுக்கொண்ட ஃப்ளோர் என்று அந்தப் பெண்மணி எங்களைப் புகழ்ந்தார். என்னை அனுப்பியவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ரஃபிக் பாய் ஒரு டப்பாவில் மிட்டாய் கொடுத்தார். வாணியம்பாடியில் இம்தியாஸ் பாயிடம் விஷயத்தைச் சொன்னபோது, "உன்னை யாருடா பஞ்சாயத்து பண்ணச் சொன்னது? சிரிச்சிக்கினு இருன்னுதான சொன்னேன்" என்றார்.

போன வாரம் ஆலங்காயத்திலிருந்து மலைக்கு பஸ்ஸில் ஏறினேன். சந்தை நாள், நிற்க இடமில்லை. எப்படியோ ஒரு சீட்டில் மூன்றாவது ஆளாக நெருக்கி உட்கார்ந்திருந்தேன். பஸ் வளைவுகளில் ஏறத் தொடங்குமுன் சல்மா போனில் வந்தாள். இப்போதும் அதே மெஷினில்தான் இருக்கிறாளாம். யாரும் தொந்தரவு செய்வதில்லையாம். ரஃபிக் பாயோடு பேசுகிறாயா என்று கேட்டேன். "எதுக்குப் பேசணும்? வேலை நடக்குது" என்றாள். பிறகு, தயங்கித் தயங்கி, "உங்க ஊருல உங்களச் சேத்துக்கிட்டாங்களா தாதா?" என்று கேட்டாள். பஸ் இரைச்சலில் அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று, என் சுபாவத்துக்கு மாறாகக் குரலை உயர்த்தி, "சேத்துக்கிட்டாங்க, எல்லாரும் நம்ம ஆளுங்கதான்" என்று வங்காளியில் சத்தமாகச் சொன்னேன்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தால் பஸ்ஸில் பேச்சே இல்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் புளி மூட்டையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"எந்த ஊருங்க?" என்றார்.

"ஜமுனாமரத்தூர் பக்கம்."

"அது சரிங்க. சொந்த ஊரு?"

"இதாங்க" என்றேன்.

அவர் நம்பிவிட்டதுபோல் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, ஜன்னலோரம் இருந்தவரோடு இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்கார்ந்துகொண்டார். படிக்கட்டு வரை ஆட்கள் தொங்கிக்கொண்டு வந்த அந்த பஸ்ஸில், என் பக்கத்தில் மட்டும் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. மலை ஏறி முடிகிற வரை அதில் யாரும் உட்காரவில்லை.