பந்தல் கடைசிக்குப் போய் எடுத்த படம்

போன வாரம் ஒரு விசேஷ வீட்டில் மகள் என் கையில் செல்போனைத் திணித்து, "அப்பா, பாயிண்ட் ஃபைவ்ல எடுங்க, அப்பத்தான் எல்லாரும் படத்துல விழுவாங்க" என்றாள். ஒரு தட்டுத்தான். வாசலும் மாமரமும் சொந்தபந்தமும் திரைக்குள் வந்துவிட்டன. எனக்குப் பொறாமையாக இருந்தது. இதே காரியத்துக்குத் தொண்ணூறுகளில் தோள் வலிக்கத் தோல் பை சுமந்தவன் நான்.

அந்தப் பையைத் திறந்தால் பன் வாசனை அடிக்கும். பீளமேட்டில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோ ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. லென்ஸ் முதல் ஓனரின் சட்டை வரை எல்லாவற்றிலும் அந்த மணம் ஏறியிருக்கும். பையில் இரண்டே லென்ஸ். குட்டையாக ஒரு வைட் ஆங்கிள், உலக்கை மாதிரி ஒரு ஜூம்.

வைட் ஆங்கிளில் கூட்டம் முழுக்க அடங்கும், ஆனால் ஓரத்தில் நிற்பவர்களை அகலமாக இழுத்துவிடும். நம் கொங்குச் சனமோ மரியாதைக்குப் பேர்போனது. "நீங்க நடுவுல நில்லுங்க", "அட, நீங்க நில்லுங்க" என்று மாறி மாறி இடம் கொடுத்தே பெரிய மனுசர்களெல்லாம் ஓரத்துக்குப் போய்விடுவார்கள். ஆல்பத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் கேட்டார்: "ஏனுங்க, என்னைய இப்படிப் பூசணிக்கா ஆக்கிப்போட்டீங்க?"

ஜூமின் குணம் வேறு. தூரப் போய் நின்று அதில் பார்த்தால், முன்னும் பின்னும் தள்ளி நிற்கிறவர்கள் நெருங்கி ஒட்டி நிற்பதுபோலத் தெரிவார்கள். அதை நினைத்தால் எனக்குக் கோபிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக் கல்யாணந்தான் ஞாபகம் வரும். தை மாதப் பனி. ஓலைப் பந்தலின் இடுக்கில் இறங்கும் வெயில். சமையல் கொட்டகையின் ஆவி மெதுவாக வாழைத்தோப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. நிஜமாகவே அங்கே போனேனா, கனவு கண்டேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

தாலி கட்டி முடிந்ததும் மணப்பெண் கலாமணி என்னைக் கூப்பிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"ஏனுங்ண்ணா, நானும் எங்கம்மாவும் இருக்கறாப்ல ஒரே ஒரு போட்டோ வேணுங்ண்ணா. கூப்பிட்டா வரமாட்டேங்கறாங்க."

அவளுக்கு அப்பா இல்லை. அம்மா வெள்ளைச் சேலையில், மேடைக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி வீட்டு வாசற்படியிலேயே நின்றிருந்தார். போய்க் கூப்பிட்டேன்.

"நானெல்லாம் அங்க வரப்படாதுங்க தம்பி. நல்ல நாளு. நீங்க புள்ளைய எடுங்க."

எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் மேல் இல்லை, அவரை அங்கே நிறுத்தி வைத்தவர்கள் மேல்.

பக்கத்தில் நின்று வைட் ஆங்கிளில் பார்த்தேன். மகள் பெரிதாக, அம்மா ஒரு வெள்ளைப் பொட்டாக. மனசு கேட்கவில்லை. ஜூமை மாட்டிக்கொண்டு பந்தலின் அந்தக் கடைசிக்கு, செருப்புகள் குவிந்துகிடந்த இடத்துக்குப் போனேன். கலாமணியை மேடையோரம் நிற்கச் சொல்லிக் கை காட்டினேன். நான் இன்னும் கொஞ்சம் நகர்ந்ததும், வாசற்படியில் நின்றபடியே அம்மா கேமராவுக்குள் மெல்ல வந்து மகளின் தோளை ஒட்டி நின்றார். அந்த வெளிச்சத்தில் ஒருவர் முகந்தான் தெளிவாக விழும். அம்மாவின் முகத்தைப் பிடித்தேன்.

"கல்யாணப் பொண்ணயே மங்கலாக்கிப்போட்டு வந்திருக்கறயேப்பா" என்று ஓனர் தலையில் அடித்துக்கொண்டார். ஆல்பம் கொடுக்கப் போனபோது அம்மா அந்தப் படத்திலேயே நின்றுவிட்டார். "நான் அங்க போகவே இல்லீங்களே தம்பி" என்றார். பயமா சந்தோஷமா என்று தெரியாத குரல்.

இன்று பேக்கரியும் இல்லை, ஸ்டுடியோவும் இல்லை. ஜூமுக்குள் பூஞ்சை. பல வீடுகளில் அந்தத் தடையும் போய்விட்டது. கணவனை இழந்த அம்மாக்கள் மேடையேறி நிற்கிறார்கள், நிம்மதியாக இருக்கிறது. கலாமணியின் அம்மாவும் போய்விட்டார். மாலை போட்டு மாட்டுவதற்கு அவருக்கு வேறு படமே இல்லை. ஆல்பத்திலிருந்து அந்தப் படத்தைக் கழற்றிக்கொண்டு கலாமணி என்னைத் தேடி வந்தாள். அம்மாவின் முகத்தை மட்டும் தனியாகப் பெரிதுபண்ண வேண்டும் என்றாள். எப்படி வெட்டினாலும் மகளின் தோள் உள்ளே வந்தது.

"உசுரோட இருக்கறவங்க மாலை போடற படத்துல இருக்கப்படாதும்பாங்களே அம்மிணி" என்றேன்.

"உட்டுருங்ண்ணா" என்றாள். "எங்கம்மா அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் தள்ளியே நின்னாங்க. நான் பக்கத்துலயே இருந்துக்கறேன்."