மீன்காரிக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்காக என் வீட்டில் ஒரு மாதம் சண்டை நடந்தது. சொந்தமாக வாங்குவதா, லீசுக்கு எடுப்பதா என்பதுதான் சண்டை. கார் வேண்டுமா வேண்டாமா என்று என்னிடம் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

நான் காரைக்கால்மேட்டில் மீனை ஏலத்தில் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறவள். ஐஸ் பெட்டி ஏற்றிய வேனைக் கும்பகோணம் வரைக்கும் பல வருடம் நானே ஓட்டியிருக்கிறேன். புருஷன் போன பிறகு டிரைவர் வைக்க வழியில்லாமல் கற்றுக்கொண்டது. வேறு வழியில்லாமல் கற்றது, போகப் போகப் பிடித்துவிட்டது. ஆனால் மீன் வேனை வேகமாக ஓட்ட முடியாது, பெட்டி சரியும். எனக்கு வேகமாகப் போக வேண்டும். அவ்வளவுதான் காரணம். இந்த வயதில் ஒரு பொம்பளைக்கு ரேஸ் கார் எதற்கு என்று வெளியில் கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

மகன் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறான். அந்தக் கம்பெனி தன் ஆட்களுக்கு லீசில் கார் எடுத்துக் கொடுக்குமாம். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம், வரியும் மிச்சமாம். நான் அவனுக்குப் பணத்தை அனுப்பினால் போதும். மூன்று வருடம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

"யம்மா, மூணு வருஷத்துல அந்த வண்டி பாதி வெலைக்குக்கூடப் போவாது. லீசுன்னா அந்த நஷ்டம் லீஸ் கம்பெனிக்காரனுக்கு. நமக்கு என்ன?" என்றான் போனில்.

"வண்டி யாருது?"

"லீஸ் கம்பெனியுது."

"அப்ப நான் யாரு?"

"நீ ஓட்டுறவ."

"டிரைவருங்குற."

"ஒங்கிட்ட மனுசன் பேச முடியாதும்மா."

எங்கள் தொழிலில் முன்பணம் என்று ஒன்று உண்டு. வலை வாங்கவோ எஞ்சின் மாற்றவோ படகுக்காரர் வியாபாரியிடம் பணம் வாங்குவார். அதைக் கட்டி முடிக்கும்வரை அந்தப் படகு பிடிக்கிற மீனெல்லாம் அந்த வியாபாரிக்குத்தான். படகு அவர் பெயரில் இருக்கும், பெயிண்டிலும் அவர் பெயர்தான் எழுதியிருக்கும். ஆனால் மீனை யாருக்கு விற்பது என்று அவர் வாய் திறக்க முடியாது. நான் முன்பணம் கொடுக்கிறவள். அது எப்படிப்பட்ட கயிறு என்று வாங்கியவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அதை என் கழுத்தில் நானே மாட்டிக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் மகன் சொன்னதில் நியாயம் இருந்தது. எரிச்சலே அதுதான். அந்தக் காரின் விலைக்கு ஒரு விசைப்படகு கட்டலாம். படகு கடலுக்குப் போய்ச் சம்பாதிக்கும். கார் வாசலில் நின்று துருப்பிடிக்கும். எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு ஜன்னல் கம்பியே தாங்குவதில்லை. மூன்று வருடத்தில் கொடுத்துத் தலைமுழுகிவிடலாம் என்பது கேட்க நன்றாகத்தான் இருந்தது. பாதிக்கு மேல் நான் லீஸ் பக்கம் சாய்ந்துவிட்டேன். மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் குதிப்பான்.

என் தம்பி விசைப்படகு ஓட்டுகிறவன். பக்கத்து வீட்டில் இருக்கிறான். அவனுக்கு வேறு சந்தேகம்.

"லீசுன்னா வீடு மாதிரியாக்கா? மொத்தமா ஒரு தொகையக் குடுத்துட்டு, காலி பண்றப்ப அப்படியே திருப்பி வாங்கிக்கலாமா?"

"அப்படி இருந்தா ஒலகத்துல ஒருத்தன்கூட கார் வாங்க மாட்டான்டா."

"ரெண்டு பேருதான் உக்காரலாமாமே?"

"ஆமா."

"அப்ப நானு?"

"நீ படகுல போ."

ஓட்டிப் பார்ப்பதற்காக சென்னை ஷோரூமிலிருந்து ஒரு வண்டியை அனுப்பினார்கள். அன்றைக்கு நான் ஏலத்துக்குப் போகவில்லை. சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளித்தேன். சந்தன சோப்பு போட்டு இரண்டாவது முறையும் குளித்தேன். கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப்புடவையை எடுத்துக் கட்டினேன். கார் ஓட்டிப் பார்க்க யாராவது பட்டுப்புடவை கட்டுவார்களா? நான் கட்டினேன். மீன்கூடையோடு பேருந்தில் ஏறிய காலத்தில் கண்டக்டர்கள் பேசிய பேச்சை நான் மறக்கவில்லை. பணம் கொடுத்துத்தான் டிக்கெட் எடுத்தேன். ஆனாலும் கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் போனேன். இந்தக் காரில் எவனும் என்னைப் பார்த்து மூக்கைச் சுளிக்கக் கூடாது என்று இருந்தது எனக்கு.

வந்தவர் டை கட்டிய ஆள். முப்பத்தைந்து வயது இருக்கும். கார் சிவப்பு, தரையோடு தரையாகக் கிடந்தது. தெருவே வந்து சுற்றி நின்றது. எஞ்சின் எங்கே, டிக்கி எங்கே என்று மூடிகளைத் திறந்து எனக்குக் காட்டினார். பூட்டாமலேயே உள்ளே வந்து காபி குடித்தார். குடித்துக்கொண்டே லீஸ் விவரம் சொன்னார். வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் ஓட்டலாம். சர்வீஸ் அவர்கள் பொறுப்பு. திருப்பிக் கொடுக்கும்போது ஓர் ஆள் வந்து வண்டியைச் சோதிப்பான். கீறல், சீட்டில் கறை இருந்தால் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

"உள்ள ஸ்மெல் இருந்தாக்கூட சார்ஜ் பண்ணுவாங்க மேடம். சிகரெட்டு, நாய் வளக்குறது, அந்த மாதிரி."

அந்த மாதிரி என்பதில் என்னவெல்லாம் அடங்கும் என்று நான் கேட்கவில்லை.

நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நாகூர் போகிற சாலையில் ஏறியதும் ஆக்சிலேட்டரை மிதித்தேன். முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. நிலக்கரி லாரி ஒன்றை முந்தினேன், அதற்கு முன்னால் போன லாரியையும் முந்தினேன். வாய்விட்டுச் சிரித்தேன். இத்தனை வருடம் ஐஸ் பெட்டிக்குப் பயந்து ஓட்டிய கால் அது. அதற்கு அன்றுதான் விடுதலை.

கீழவாஞ்சூர் துறைமுகம் வரும்போது வாடை தெரிந்தது.

முதலில் லேசாக. பிறகு நன்றாக. மீன் வாடை எனக்கு வாடையே இல்லை, ஆனால் அடைத்த காருக்குள், புதுத் தோல் சீட்டு மணத்துக்கு நடுவில், எனக்கே தெரிந்தது. பக்கத்தில் இருந்தவருக்கும் தெரிந்துவிட்டது. அவர் தொண்டையைச் செருமினார். மூக்கைத் துடைப்பதுபோல் கைக்குட்டையை எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்.

"ஏசி வேணாமே மேடம். வெளிக்காத்து நல்லா இருக்கு."

கண்ணாடியை இறக்கிவிட்டார். துறைமுகத்து வாசலில் லாரி லாரியாக நிலக்கரி போகிறது. அங்கே வீடு வைத்திருப்பவர்கள் துணி காயப்போடவே யோசிப்பார்கள். அந்தக் காற்று நல்ல காற்றாம். கரித்தூள் என் பட்டுப்புடவையில் வந்து விழுந்தது. வண்டியைத் திருப்பினேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் வாடை ஏறிக்கொண்டே வந்தது. இடது கையை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தேன். சந்தனம்தான் மணந்தது. ஆனால் வாடை போகவில்லை. இத்தனை வருடமாகத் தோலுக்குள் இறங்கியது இரண்டு குளியலுக்குப் போய்விடுமா என்று நினைத்தேன். வேர்க்க வேர்க்க உடம்பு உள்ளே இருப்பதைக் கக்குகிறது என்று நினைத்தேன். அந்த ஆள் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு வந்தார். அவரை இறக்கிவிட்டு நடந்து வரச் சொல்லலாமா என்றிருந்தது. அவர்மேல் என்ன தப்பு?

மூன்று வருடம் கழித்து எவனோ ஒருவன் வந்து கார்க் கதவைத் திறப்பான். தலையை உள்ளே விட்டு மோப்பம் பிடிப்பான். என் வாடைக்கு இவ்வளவு என்று விலை எழுதுவான். நான் அதைக் கட்டுவேன். அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் ஏலம் முடிந்து குளித்து, துணி மாற்றி, பயந்து பயந்து அந்தச் சீட்டில் உட்காருவேன். சொந்தமாக வாங்கினால் மட்டும் என்ன? என்னாலேயே என் பக்கத்தில் உட்கார முடியவில்லையே. லீசும் வேண்டாம், சொந்தமும் வேண்டாம், எனக்கு வேன் போதும் என்று அந்தச் சாலையில் முடிவு செய்தேன். அழுகை வந்தது. டை கட்டிய ஆளுக்கு முன்னால் அழுவேனா நான்? அடக்கிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் தம்பி நின்றிருந்தான். வாயெல்லாம் பல்.

"எப்படிக்கா இருக்கு?"

"வேணாம். எடுத்துட்டுப் போகச் சொல்லு."

அவன் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் விருந்தாளிக்கு மரியாதை செய்ய வேண்டுமே. ஷோரூம் ஆளைப் பார்த்துச் சொன்னான்.

"பரவால்லங்க சார். சாமான பின்னாடி வச்சிருக்கேன். வீட்டுக்குப் போனதும் மறக்காம எடுத்துருங்க."

"என்ன சாமான்?" என்றார் அவர்.

"கொடுவாதான் சார். ரெண்டு. காலைல புடிச்சது. ஐஸ் போட்டு வச்சிருக்கேன்."

கரைக்கு வந்த வெளியாளைக் குழம்புக்கு மீன் இல்லாமல் நாங்கள் அனுப்புவதில்லை. வங்கி மேனேஜர் வந்தாலும், கரண்ட் பில் எழுத வந்தாலும் ஒரு பை கையில் ஏறும். வேண்டாம் என்று மறுப்பார்கள் என்பதற்காகக் கேட்காமலே வண்டியில் வைத்துவிடுவோம். நாங்கள் உள்ளே காபி குடித்தபோது தம்பி அதைத்தான் செய்திருக்கிறான்.

ஷோரூம் ஆள் ஓடிப்போய்ப் பின் டிக்கியைத் திறந்தார். உலை மூடியைத் திறந்ததுபோல் சூடு முகத்தில் அடித்தது. நைலான் பைக்குள் இரண்டு கொடுவாயும் கண் வெளுத்துக் கிடந்தன. ஐஸ் முழுக்கத் தண்ணீராகி விரிப்பில் இறங்கியிருந்தது. அந்தக் காருக்கு எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், டிக்கியை ஒட்டி இருக்கிறது. மீன் பாதி வெந்துவிட்டது.

"ஏண்டா இங்க வச்ச?" என்று கத்தினேன்.

"எஞ்சின் சூடு படக்கூடாதுன்னுதான்கா முன்னாடி வைக்காம பின்னாடி வச்சேன்!"

"எஞ்சினே பின்னாடிதான்டா இருக்கு!"

தம்பி காரை முன்னும் பின்னும் பார்த்தான். "இப்படி ஒரு வண்டிய எவன் செஞ்சான்?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நிற்க முடியவில்லை. பட்டுப்புடவையோடு காரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் இல்லை. மீன்தான். கொடுவாதான். அடக்கி வைத்திருந்த அழுகையும் அப்போது வந்தது, யாருக்கும் சிரிப்புக்கும் அதற்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

"ஏப்பா, நான்தான் நாறுறேன்னு நெனச்ச, இல்ல?" என்று ஷோரூம் ஆளைக் கேட்டேன்.

அவர் நெளிந்தார். "மன்னிச்சுக்கங்க மேடம். ஆமா."

"நானும் நான்தான்னு நெனச்சேன்."

அவரும் சிரித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போய் டிக்கியை எட்டிப் பார்த்தார். ஷோரூம் வண்டி, அடுத்த நாள் வேறு யாருக்கோ காட்ட வேண்டும். தம்பி விரிப்பைக் கழற்றிச் சீயக்காய் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தான். எலுமிச்சம்பழத்தை அறுத்து டிக்கி முழுக்கத் துடைத்தோம். ஒரு கிண்ணத்தில் காபித்தூளைக் கொட்டி உள்ளே வைத்தோம். வாடை போய்விட்டது என்று நாங்கள் சொன்னோம். எங்கள் மூக்கை நம்புவதா என்று அவர் யோசித்தார். தெருக்கோடியில் மீனே சமைக்காத வாத்தியார் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னோம். பரவாயில்லை என்றார்கள்.

"லீஸ் வண்டியா இருந்திருந்தா இதுக்கு நல்லா பில்லு தீட்டியிருப்பாங்க மேடம்" என்றார் அவர்.

"சொந்த வண்டின்னா?"

"சொந்த வண்டிய யார் மேடம் வந்து மோந்து பாக்கப்போறா?"

விற்க வந்த ஆள் சும்மா சொன்னதுதான். எனக்கு அது போதும். இன்றைக்கு மீன் டிக்கியில் இருந்தது. நாளைக்கு உண்மையிலேயே என் மேல் இருக்கும். ஏலத்திலிருந்து நேராக வந்து ஏறுவேன், புடவை ஓரம் நனைந்திருக்கும், கை கழுவியிருக்க மாட்டேன். இருக்கட்டும். அதற்கு எவனும் விலை எழுதக் கூடாது.

அந்த ஆள் கிளம்பும்போது வேறு இரண்டு கொடுவாயை ஐஸ் போட்டு, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, டேப்பை நாலு சுற்றுச் சுற்றி, எஞ்சின் இல்லாத முன் டிக்கியில் வைத்தோம். டேப்பை அவரும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

அன்றே மகனுக்குப் போன் போட்டேன்.

"லீசு வேணாம். வாங்குறேன். எம் பேர்ல, காரைக்கால் நம்பர்ல."

"யம்மா, காரு வெல எறங்கிக்கிட்டேதான் போவும்."

"படகு வெல மட்டும் ஏறிக்கிட்டா இருக்கு?"

"நான் சொல்றத ஒரு தடவையாவது கேளேன்."

நடந்ததை முழுக்கச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை, மூக்குக்குக் கையைக் கொண்டுபோனதைக்கூடச் சொன்னேன்.

"சரிம்மா. வாங்கிக்க" என்றான். குரல் மாறியிருந்தது. பிறகு, "மாமாவ அந்த வண்டிகிட்ட விடாத" என்றான்.

கார் வந்த நாளில் அதே ஷோரூம் ஆள்தான் கொண்டுவந்தார். அன்றைக்கு நான் ஏலத்துக்குப் புறப்பட்டு நின்றிருந்தேன், பழைய நூல் புடவை. சாவியைக் கொடுத்தார். கதவைத் திறந்தார். சீட்டு இரண்டிலும் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

"கவர எடுக்கலை மேடம். ஒங்களுக்கு இது இருந்தா நல்லதுன்னு…" என்று இழுத்தார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"கிழிப்பா" என்றேன்.

அவர் ஒரு பக்கம் கிழித்தார், நான் ஒரு பக்கம் கிழித்தேன். ஏறி உட்கார்ந்தேன். மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் வந்து சேர்ந்துவிட்டதாகத் தம்பி அதற்குள் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டான்.