அண்ணனின் இரண்டாவது டியூப்

ஆராய்ச்சி அம்மா இருந்தார். கவர்களை எடுத்துக் கொடுக்க அவருடைய டிரைவர் இருந்தார். என் அண்ணி இருந்தார். அண்ணியின் மகள் சரசு இருந்தாள். நான் இருந்தேன்.

அண்ணன் இல்லை.

போன வாரம், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வராந்தா. வழக்கமாக இந்தப் பக்கத்தில் மழை, மிளகு, வராத பஸ் என்று எழுதுவேன். இந்த வாரம் எச்சிலைப் பற்றி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சி அம்மா முதலில் வந்தது தை மாதம். டாக்டர்தான், ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மனுசன் மனுசனோடு ஒட்டுவதும் விலகுவதும் உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர். எங்கள் மலையில், தேவனூர் நாட்டு ஊர்களில் இரண்டு வாரம் சுற்றினார்.

"மனசு பதறினா எச்சில்ல ஒரு பொருள் கூடும் ஐயா. கூடப் பொறந்தவங்க பக்கத்துல இருந்தா அது குறையுதான்னு பாக்கறேன்" என்றார்.

ஒரே பெஞ்சில் இருவர். பத்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். உட்காரும் முன் ஒரு டியூப், எழுந்த பின் ஒரு டியூப். துப்பிக் கொடுத்தால் வேலை முடிந்தது.

பட்டியலில் என் பெயரும் அண்ணன் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நாங்கள் பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அந்த அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்?

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வெளியாள் முன்னால் மாட்டேன் என்று சொன்னால் குடும்பத்துக்கு அசிங்கம். அண்ணன் போய் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

மற்ற ஜோடிகளுக்கு வாய் நிற்கவில்லை. இரண்டு அக்கா தங்கைகளை மூன்று முறை உட்கார வைத்தார்கள். எங்களைப் பார்த்து அந்த அம்மா, "நீங்க ரெண்டு பேர்தான் சொன்னபடி இருந்தீங்க" என்றார்.

வரிசையில் நின்ற ஒருவன், "அவிங்களுக்கு நல்ல பழக்கமுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை.

எதற்குச் சண்டை? ஒரு மிளகுக் கொடிக்கு. சில்வர் ஓக் மரம் வரப்புக்கு அந்தப் பக்கம், அண்ணனுடையது. அதில் ஏறிய கொடியின் வேர் இந்தப் பக்கம், என்னுடையது. அண்ணன் மிளகு பறித்தார். நான் அரிவாளை எடுத்துக் கொடியை வேரோடு வெட்டினேன். காய்க்கிற கொடி. வெட்டியது நான்தான்.

பெஞ்சில் என் பக்கம் வெயில் அடித்தது. அண்ணன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து நிழலில் இடம் விட்டார். நான் நகரவில்லை.

சித்திரையில் அண்ணனுக்கு நெஞ்சு வலி. ஜீப்பில் நாமக்கல்லுக்கு இறக்கினார்கள். மலைப்பாதையின் எழுபது வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை... முடிந்துவிட்டது. போனேன். தோள் கொடுத்தேன். அதற்கு மேல் என்ன செய்ய?

போன வாரம் ஆராய்ச்சி அம்மா ஆளுக்கொரு கவரோடு வந்தார். அண்ணன் கவரை அண்ணி வாங்கினார். என்னைப் பார்க்காமல் மகளிடம் சொன்னார்: "உங்க சித்தப்பனைப் படிக்கச் சொல்லு கண்ணு."

நான் ஐந்தாவது வரை படித்தவன். எல்லாம் இங்கிலீஷ். தாளை அந்த அம்மாவிடமே நீட்டினேன்.

"உங்க வீட்டுக்காரரோடது. சொல்லலாமா?" என்று அண்ணியைக் கேட்டார்.

"சொல்லுங்க சாமி. அவரு கோவத்தோடவே போய்ட்டாரான்னு எனக்கும் தெரியோணும்."

எனக்கும் அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"ரெண்டாவது டியூப்ல நல்லா குறைஞ்சிருக்கும்மா. தம்பி பக்கத்துல உடம்பு அமைதியாத்தான் இருந்திருக்கு."

என் கவரையும் பிரித்தார். எனக்குக் கூடியிருந்தது.

"ஒரு நாள் எச்சிலை வெச்சு மனசைச் சொல்ல முடியாது ஐயா. டீ குடிச்சிருந்தாக்கூட மாறும்" என்றார்.

நான் டீ குடிக்கவில்லை.

வெட்டியவனுக்குத்தானே பதறும். வாய் எதை மறைத்தாலும் உடம்பு தன் கணக்கில் சரியாகத்தான் இருக்கிறது.

அண்ணி மறுபடியும் மகள் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு ஊட்டுக்கு வந்து, 'சின்னவன் எளைச்சுட்டான்'னாரு. சித்தப்பன்கிட்டச் சொல்லு."

"எதுக்கத்தானே நிக்கறாரு. நீயே சொல்லும்மா" என்றாள் சரசு.

அண்ணி என்னைப் பார்த்தார். "எளைச்சுட்டீங்கன்னு சொன்னாருங்க."

ஆமாங்க என்றேன்.

பதினோரு வருடத்தில் அண்ணனும் நானும் சேர்ந்து உட்கார்ந்தது பத்து நிமிடம்.