மீன் பெட்டியில் போன ரத்தம்

மெயின்லேண்டுக்கு யார் விமானம் ஏறினாலும் அவர் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்துவிடுவது போர்ட் பிளேர்க்காரர்களான எங்கள் வழக்கம். என் மனைவியின் ரத்தத்தையும் அப்படித்தான் அனுப்பினேன்.

அவளுடைய இடது கண் நான்கே நாளில் மங்கி, அறவே தெரியாமல் போயிருந்தது. நரம்பு டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார்.

"உடம்போட எதிர்ப்பு சக்தியே நரம்பைத் தாக்குது. இதுல ரெண்டு வியாதி, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒண்ணோட மருந்து இன்னொண்ணை மோசமாக்கிடும். ரத்தத்துல ஒரு ஆன்டிபாடி இருக்கான்னு பார்த்துத்தான் பிரிக்கணும். டெஸ்ட் சென்னையில. இப்போதைக்கு ரெண்டுக்கும் பொதுவான ஸ்டீராய்டு ஏத்துவோம், அதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்துடணும்."

எடுத்தார்கள். அன்றே ஸ்டீராய்டும் ஏறியது. ரத்தம் அடைத்த குழாயைக் கொடுத்த லேப்காரர், "குளிர்ச்சியா போகணும்" என்றார். எனக்கா சொல்லித்தர வேண்டும்? வண்டூர்க் கடல் மீனை வருஷக்கணக்காகச் சென்னைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புகிறவன் நான். தெர்மாகோல் பெட்டி, நொறுக்கிய ஐஸ், குளிர் ஏற இரண்டு கை கல்லுப்பு, நடுவில் குழாய். சென்னைக்குக் கிளம்பிய என் ஆபீஸ் நண்பர், "டென்ஷன் மத் லோ, பத்திரமா குடுத்துடுறேன்" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

மறுநாள் சென்னை லேபிலிருந்து போன். உப்பு சேர்த்த ஐஸின் கடுங்குளிரில் ரத்தம் பனிக்கட்டியாக உறைந்து அணுக்கள் உடைந்துவிட்டனவாம். சோதிக்க முடியாதாம்.

ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏறிய பிறகு இரண்டாவது முறை எடுத்தார்கள். இம்முறை ஆஸ்பத்திரியே அனுப்பியது. ஆன்டிபாடி இல்லை என்று முடிவு வந்தது. உண்மையிலேயே இல்லையா, ஸ்டீராய்டு அமுக்கிவிட்டதா? ரிப்போர்ட்டை டாக்டரிடம் நீட்டிக் கேட்டேன். அவரும் கையை விரித்தார்.

"உறுதியா சொல்ல முடியல. சில மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம். நடுவுல மறுபடி கண்ணுல அட்டாக் வந்தா உடனே வாங்க, ஆன்டிபாடி அப்பதான் தெளிவா தெரியும். முதல்ல ரத்தம், அப்புறம்தான் ஸ்டீராய்டு."

இப்போது பார்வை பாதி திரும்பியிருக்கிறது. தினமும் காலையில் அவள் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டர் தேதியைப் படிக்கிறாள். நான் காபியோடு பக்கத்தில் நிற்பேன். ஒவ்வொரு நாளும் பயமாகத்தான் இருக்கிறது. நேற்று தேதியைச் சரியாகப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அரே, சச் சொல்லுங்க, மறைக்காம. ரெண்டுல எந்த வியாதின்னு தெரியணும்னா எனக்கு மறுபடி கண்ணு போகணுமா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உப்பு போட்ட கை என்னுடையது. காபியை அவளிடம் நீட்டினேன்.