கண் திறக்காத அத்தை

பஞ்சம்மாள் வீட்டுச் செவலை ஆடு, செய்யாத குற்றங்களுக்கெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தது. குழம்பில் உப்புக் கூடினாலும் அதற்குத்தான் திட்டு, வாசல் தெளிக்க நேரமானாலும் அதற்குத்தான் திட்டு. "வெயிலு ஏறுனதுக்கப்பறந்தான் மகாராணிக்கு விடியுதாக்கும்" என்று மாமியார் இருளம்மாள் ஆட்டைப் பார்த்துக் கேட்பாள். அடுப்படியில் இருக்கும் பஞ்சம்மாள், "ராத்திரி பூரா இருமுனவுகளுக்குச் சுடுதண்ணி வச்சுக் குடுத்தது யாராம்" என்று பதிலையும் ஆட்டிடமே சொல்வாள். ஆடு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அசைபோடும்.

ஆறு வருஷமாக அந்த வீட்டில் இப்படித்தான் பேச்சு நடந்தது.

நெஞ்சு வலிக்கிறதென்று வரப்பில் உட்கார்ந்த கணவன் வீரையா எழுந்திருக்காமலே போனபோது பஞ்சம்மாளுக்கு வயது முப்பத்திரண்டு. பிள்ளை குட்டி இல்லை. மாமியாரும் மருமகளுமாக ராமேஸ்வரம் போய்ச் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்தார்கள். கருமாதி முடிந்த அன்று, சொந்தபந்தம் அத்தனையும் கூடியிருக்கையில் இருளம்மாள் சொன்னாள். "நீ சின்ன வயசுக்காரி. ஒன் ஆத்தா வீட்டுக்குப் போயி இன்னொரு வாழ்க்கையப் பாரு."

"நான் எங்கயும் போகல" என்றாள் பஞ்சம்மாள்.

அவ்வளவுதான். இருளம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று திரும்பிய முகம், பிறகு மருமகள் பக்கம் நேராகத் திரும்பவே இல்லை. மகன் போனபின், தான் இந்த வீட்டில் ஒரு பாரம் என்றுதான் பஞ்சம்மாள் எடுத்துக்கொண்டாள். ஆனாலும் போகவில்லை. களையெடுத்து, கதிரறுத்து, இரண்டு பேருக்கும் உலை வைத்தாள்.

ஆர்.எஸ்.மங்கலத்துக்கு வெளியே, கண்மாய்க் கரை முடிகிற இடத்தில், பல காலமாகப் பூட்டிக் கிடந்த அரிசி மில் ஒன்று உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஊர்க்காரர்களும் கீழக்கரைக்காரர்கள் சிலரும் கூடி ஓர் அறக்கட்டளை வைத்து, அதைப் 'பொதுவாசல் கலைக்கூடம்' ஆக்கினார்கள். பெயருக்கேற்றபடி அதற்குக் கதவு உண்டே தவிரப் பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். வரையலாம், செதுக்கலாம், தவில் அடிக்கலாம், சும்மாவும் உட்காரலாம். ஊர்க்காரர்கள் மட்டும் இன்றைக்கும் 'மில்லு' என்றுதான் சொல்வார்கள்.

பஞ்சம்மாள் முதல் தடவை அங்கே போனது கலைக்காக அல்ல. பக்கத்து வயலில் களையெடுத்துவிட்டுக் கஞ்சி குடிக்க நிழல் தேடித்தான் போனாள். அங்கே ஒரு தொட்டி நிறையக் கண்மாய் மண் பிசைந்து வைத்திருந்தது. கை கழுவப் போனவள் மண்ணில் கையை வைத்தாள். கஞ்சி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. ஓவியம் படித்துவிட்டு, கீழக்கரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கூடத்தைக் கவனித்துக்கொண்ட இளம்பெண் லாமியா, தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் தொட்டியில் புது மண் இருந்தது.

அப்படி ஆரம்பித்தது. முதலில் ஆடு செய்தாள். பிறகு கோழி செய்தாள். பிறகு ஒரு நாள், இடுப்பளவு உயரத்துக்கு மண்ணில் ஒரு பெண் எழுந்து நின்றாள். இடது கை இடுப்பில். வலது கை தலைக்கு மேலே ஓங்கியிருக்க, அதில் ஒரு கரண்டி. வாய் திறந்திருந்தது. மோவாயில் ஒரு மரு. அகலமான மூக்கு.

லாமியா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "மாஷா அல்லாஹ். இது யாரு அக்கா?"

"எங்க அத்தை. ஆட்டத் திட்டுறாக."

சிரித்து முடித்த லாமியா, உருவத்தின் கண் இருந்த இடம் வெறுமையாக இருப்பதைப் பார்த்தாள். ஏன் கண் வைக்கவில்லை என்று கேட்டாள். பஞ்சம்மாள் கையிலிருந்த மண்ணை உருட்டிக்கொண்டே சொன்னாள். "தெரியலையே தாயி. அவுக என்னைய நேராப் பாத்து ஆறு வருசமாச்சு."

லாமியா தொட்டி மண்ணில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வைத்தாள்.

உருவத்தை மில் முற்றத்தில் விறகும் வரட்டியும் வைக்கோலும் அடுக்கி இருவருமாகச் சுட்டார்கள். விரிசல் ஒன்றுகூட விழாமல் செக்கச்செவேல் என்று வெளியே வந்தது. அந்த வாரமே ஒரு நல்ல சேதியும் வந்தது. ராமேஸ்வரத்தில் கடலுக்குப் பக்கத்துக் கூடம் ஒன்றில் கரையோரத்துக் கலைஞர்களின் கண்காட்சி நடக்கப்போகிறது. பொதுவாசலிலிருந்து பஞ்சம்மாளின் உருவம் போகிறது. அதன் கீழே அவள் பெயரும் இருக்கும்.

சாம்பல் சட்டியோடு போன ஊருக்குத் தன் பெயரோடு போவதா? பஞ்சம்மாள் அன்றைக்குக் கண்மாய்க் கரையில் தனியாக நடந்து வந்தபோது, தன் பெயரைத் தானே வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்றுதான் கேட்டது.

வண்டி வரும்வரை உருவத்தை முற்றத்து வேப்பமரத்தடியில் நிறுத்தி வைத்தார்கள். அங்கேதான் வினை வந்தது.

அந்த வருஷம் புழுதியில் விதைத்த நெல் முளைத்து, இரண்டு இலை விட்டு, மழைக்காக வாய் பிளந்து நின்றது. அடுத்த ஊர் விவசாயி முனீஸ்வரன், வாடும் பயிரைப் பார்க்கச் சகிக்காமல் வந்தவன், பொதுவாசலைத் தாண்டும்போது மரத்தடியில் கை ஓங்கி நிற்கும் சிவந்த உருவத்தைக் கண்டான். செருப்பைக் கழற்றினான். ஆத்தா, என் பயிரைக் காப்பாத்து என்று விழுந்து கும்பிட்டான். அன்று சாயங்காலமே மழை கொட்டியது.

மறுநாள் காலை முனீஸ்வரன் மஞ்சளும் குங்குமமும் மஞ்சள் துணியுமாக வந்துவிட்டான். மழை வருமென்று மூன்று நாளாகவே போனில் போட்டிருந்தது என்று லாமியா மெதுவாக எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். முனீஸ்வரன் பொறுமையாகக் கேட்டான்.

"அந்தப் போனுக்குச் சொன்னது யாரு பாப்பா?"

லாமியா உள்ளே போய்விட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் உருவத்துக்குப் பட்டுப் பாவாடை ஏறியது. முகம் முழுக்க மஞ்சள் காப்பு. கரண்டி ஊர் கண்ணுக்குச் சூலமாகிவிட்டது. மருவின் மேல் குங்குமம். எல்லாருக்கும் திறந்த வாசல் என்று எழுதி வைத்த இடத்தில் யாரை வராதே என்பது? "நான் போயிச் சொன்னா நல்லாவா இருக்கும், நீங்களே சொல்லுங்கக்கா" என்று லாமியா கையைப் பிசைந்தாள்.

பஞ்சம்மாள் வேலை பார்க்கும் வயலின் சொந்தக்காரர் பாண்டித்துரை ஊரைக் கூட்டிப் பேசினார். ஆத்தா தானாக வந்து நின்றிருக்கிறாள், கண் மட்டும் திறக்கவில்லை, மானாமதுரைப் பக்கமிருந்து மண்சிலை செய்யும் வேளாரை அழைத்து வரும் வெள்ளிக்கிழமை கண் திறந்துவிடுவோம் என்று முடிவாயிற்று. மண்ணுக்குக் கண் திறந்துவிட்டால் அது தெய்வம். பிறகு யாரும் அதை இடம்பெயர்க்க முடியாது. ராமேஸ்வரத்துக்கு வண்டி வருவதும் அதே வெள்ளிக்கிழமை காலையில்தான்.

ஒரு வார்த்தை போதும். இது எங்கள் அத்தை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. பஞ்சம்மாள் அதைச் சொல்லத்தான் புதன்கிழமை மில்லுக்குப் போனாள். மரத்தடியில் யாரோ முணுமுணுப்பது கேட்டுச் சுவரோரம் நின்றாள்.

இருளம்மாள்.

விளக்கேற்றி வைத்துவிட்டு, தன் உருவத்துக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாமல், ஆட்டிடம் பேசுகிற அதே உரிமையோடு பேசிக்கொண்டிருந்தாள். "ஆத்தா, எனக்குன்னு ஒண்ணும் வேணாம். என் மருமக ஒத்தையில கெடந்து மாயுறா. எனக்கு உலை வச்சே அவ காலம் போயிருச்சு. அவளுக்கு ஒரு சந்தோசத்தக் குடு. நான் கேட்டேன்னு அவளுக்குத் தெரிய வேணாம்."

பஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறு வருஷம் ஆட்டுக்குப் போய்ச் சேர்ந்த வார்த்தைகளுக்குப் பின்னால் இப்படி ஒரு மனமா? இந்த மனுசியை ஊர் முன்னால் நிறுத்தி, நீ கும்பிட்டது உன்னையேதான் என்று சொல்லிச் சிரிக்க வைப்பதா?

உள்ளே போய் லாமியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம், ராமேஸ்வரத்துக்கு வேறு யாருடையதாவது போகட்டும் என்றாள். லாமியா கண்கலங்கி, அக்கா உங்கள் பெயர் என்று ஆரம்பித்தாள். பெயர் எங்கே போகிறது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சிரித்தாள் பஞ்சம்மாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் லாமியாவுக்கு இன்னும் அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. முற்றம் நிறைய ஜனம். வேளார் ஊசியும் மையும் எடுத்து வைத்தார். பெண்கள் ஒரு பக்கம் பொங்கல் வைத்தார்கள். கிளறும் பொறுப்பை இருளம்மாள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சாலையில் சின்ன லாரி வந்து ஒதுங்கி நின்றது. பஞ்சம்மாள் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

கண் திறக்குமுன் பழைய காப்பையெல்லாம் கழுவிவிட வேண்டும் என்றார் வேளார். பாவாடையை அவிழ்த்தார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். பாண்டித்துரையே கடைசிக் குடத்தைத் தூக்கினார்.

அந்த நேரம் பார்த்துத்தான், எஜமானியைத் தேடி வீட்டிலிருந்து கயிறோடு வந்து சேர்ந்தது செவலை ஆடு. தாம்பாளத்தில் இருந்த சாமந்தி மாலையில் வாய் வைத்தது. இருளம்மாள் பொங்கல் கரண்டியோடு பாய்ந்தாள். இடது கை இடுப்புக்குப் போயிற்று. வலது கை தலைக்கு மேலே ஓங்கியது.

"ஏ செவல, ஆத்தாளுக்கு வச்ச மாலையவா திங்கிற, எடுபட்டதே!"

கடைசிக் குடம் கவிழ்ந்தது. மஞ்சள் வழிந்து இறங்கியது. மூக்கு தெரிந்தது. மோவாயில் மரு தெரிந்தது.

பாண்டித்துரை மண்ணைப் பார்த்தார். மனுசியைப் பார்த்தார். மறுபடி மண்ணைப் பார்த்தார். முனீஸ்வரனின் கைகள் அவனை அறியாமல் இருளம்மாளைப் பார்த்துக் குவிந்தன. எங்கேயோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து வாயை மூடிக்கொண்டாள்.

இருளம்மாள் கரண்டியை இறக்கினாள். உருவத்தின் முன்னால் போய் நின்றாள். முடிந்தது, ஆட்டோடு பேசுவதும் இனி இல்லை, இன்றோடு வீட்டு வாசலும் அடைபட்டது என்று நினைத்தாள் பஞ்சம்மாள். இருளம்மாள் மெல்லத் திரும்பினாள். கூட்டத்தில் தேடினாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு, மருமகளின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஏண்டி பஞ்சு, எனக்கு மூக்கு இம்புட்டு அகலமாவா இருக்கு?"

"இருக்கு அத்தே."

முதலில் சிரித்தது இருளம்மாள்தான். அதற்குப் பிறகு முற்றம் முழுக்கச் சிரித்தது. சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட பாண்டித்துரை, என்ன இருந்தாலும் மழை வந்தது உண்மைதானே என்று இழுத்தார்.

"மழைய நான் பெய்ய வச்சேன்னா, மொதல்ல எங்க வீட்டுக் கூர ஒழுகாம பெய்ய வச்சிருக்க மாட்டேனா?" என்றாள் இருளம்மாள். "உசிரோட இருக்குறவளுக்கு எதுக்குய்யா கண்ணத் தொறக்கணும்? நல்லாத்தான் தெரியுது எனக்கு. தூக்கி வண்டியில ஏத்துங்க. எம்மருமக செஞ்சது, நாலு சனம் பாக்கட்டும்."

வேளார் ஊசியை மடியில் செருகிக்கொண்டு பொங்கலுக்கு இலை கேட்டார். படையல் வெறும் பொங்கலாகிவிட்டதால் லாமியாவும் இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டாள். முனீஸ்வரன் மஞ்சள் துணியை எடுத்துப்போய் வேப்பமரத்தில் கட்டினான். மழைக்குக் கும்பிட அவனுக்கு ஓர் இடம் வேண்டுமே.

செவலை ஆட்டுக்குத்தான் அன்றிலிருந்து ஒன்றும் விளங்கவில்லை. திட்டெல்லாம் நேராக அடுப்படிக்கே போகிறது. பதிலும் அங்கிருந்தே வருகிறது.

கண்காட்சிக்கு முதல் நாள் இரண்டு பேரும் ராமேஸ்வரம் போனார்கள். வீரையாவைக் கரைத்த இடத்தில் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்து நின்றார்கள். பிறகு கூடத்துக்கு வந்தார்கள். உருவத்தின் கீழே 'பஞ்சம்மாள்' என்று எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்த இருளம்மாள் அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

பஞ்சம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மாமியாரை எதிரே உட்கார வைத்தாள். சுண்ணாம்பு வெள்ளையும் விளக்குக் கரியும் குழைத்து எடுத்தாள். "என்னைய நேராப் பாருங்க அத்தே" என்றாள்.

இருளம்மாள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கி ஒன்னையப் போகச் சொன்னேனே, வெரட்டுறதுக்கு இல்லடி. நீ நல்லா இருக்கணும்னுதான்."

"அப்ப ஏன் மொகத்தத் திருப்பிக்கிட்டிய?"

இருளம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வெளியே கடல் இரைந்தது.

"நீ போகலன்னு சொன்னதும் எனக்குச் சந்தோசமாப் போச்சு. பெத்த மகனப் பறிகுடுத்த வீட்டுல நின்னுக்கிட்டு இவளுக்கு என்ன சந்தோசம்னு நீ நெனைப்பியேன்னு வெக்கமா இருந்துச்சு. திருப்புன மொகத்த அப்பறம் எப்புடித் திருப்புறதுன்னு தெரியல."

பஞ்சம்மாளின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. தூரிகையை எடுக்காமல் வரைந்துகொண்டே இருந்தாள்.

"அழுதுக்கிட்டே வரையாதடி" என்றாள் மாமியார். "எங்கண்ணு கோணிக்கிரும்."

அவள் சொன்னபடியே ஆயிற்று. உருவத்தின் இடது கண் இன்றைக்கும் ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. பஞ்சம்மாள் அதைத் திருத்தவில்லை.