வியாழன் கிரகத்தான் மீது ஒரு குறிப்பு

ஜட்டியைக் கால்சட்டைக்கு மேல் மாட்டிக்கொண்டு வானத்தில் பறக்கும் எவனையும் நான் மதித்ததில்லை. ஆனால் எழுபதுகளின் நடுவில் எங்கள் ஊருக்கு வந்த அத்தனை காமிக்ஸையும் ஒரு வரி விடாமல் படித்தவன் நான்தான். படித்தால்தானே திட்ட முடியும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. காவிரிக் கரையில் ஒரு சிற்றூரில், குத்தகைப் பதிவு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். நிலம் ஒருவர் பெயரில் இருக்கும், உழுகிறவர் வேறொருவராக இருப்பார். அந்த உழுகிறவரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் மிராசுதார் அவரை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. அதற்காக அரசு திறந்த அலுவலகம் அது. வாசலில் எந்நேரமும் ஐம்பது பேர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே நாங்கள் ஆறு பேர் மின்விசிறிக்கு அடியில் நாற்காலியை நகர்த்துவதற்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

எதிரே ஒரு பாய் கடை. மனுத் தாள், ஸ்டாம்பு, மை, வெற்றிலை பாக்கு, இவற்றோடு கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும் காமிக்ஸ். பாயின் தம்பி சிங்கப்பூரில் இருந்ததால் எப்போதாவது வழவழப்பான இங்கிலீஷ் புத்தகமும் வந்து சேரும். புதுசு வந்த அன்றே மதியம் எனக்குப் படிக்கக் கொடுத்துவிடுவார். பதிலுக்கு நான் அது எப்படி என்று ஒரு அரைத்தாளில் எழுதி, குண்டூசியால் அட்டையில் குத்தித் திருப்பித் தர வேண்டும். அவருக்குக் காமிக்ஸ் படிக்கப் பொறுமை கிடையாது. வாங்க வருகிறவர் கேட்டால் சொல்ல ஏதாவது வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சீட்டுகளில் நான் போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. அலுவலகக் குறிப்பு எழுதும் அதே நடையில் எழுதுவேன். ஒருவன் கண்ணிலிருந்து ஒளி கிளம்பி இரும்புக் கதவை உருக்குகிறது. அந்த வெளிச்சத்தில் பக்கத்தில் நிற்கும் காதலி தன்னை அடையாளம் கண்டுகொள்வாளே என்ற கவலை அவனுக்கு இல்லை. மூன்று கண் உள்ள பச்சை மனிதர்கள் ராக்கெட்டை விட்டு இறங்கியதும் செந்தமிழில் பேசுகிறார்கள், அதுவும் மேடைத் தமிழ். உலகத்தைக் காப்பாற்றுகிறவன் காலையில் என்ன சாப்பிட்டான் என்று ஒரு புத்தகத்திலும் இல்லை. அச்சடித்தவன் சிவப்பு மையை ஓரமாகத் தள்ளிப் போட்டதில் கதாநாயகனின் உதடு கன்னத்தில் இருக்கிறது. கதைக்கு அதுவே தேவலாம். எல்லாச் சீட்டின் கடைசி வரியும் ஒன்றுதான்: தள்ளுபடி செய்யலாம். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கூடி நின்று படித்துச் சிரிப்பார்கள். நான் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

என்னோடு சரிக்குச் சரி பேசியவர் எங்கள் டைப்பிஸ்ட் அம்மா ஒருவர்தான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பண்ணையில் நடவு நட்ட குடும்பத்திலிருந்து டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து வந்தவர். அவர் காமிக்ஸைச் சொந்தமாக வாங்கி, அட்டை போட்டு வைப்பார். நான் கிண்டல் செய்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒருநாள் மட்டும் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"பறக்குறதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டில்ல சார். ஒருத்தர் கூப்பிட்ட உடனே கெளம்பிடுறான் பாருங்க, அதுக்காகத்தான் படிக்கிறேன்."

கூப்பிட்டால் வருவதற்கு அவன் என்ன வேலைவெட்டி இல்லாதவனா என்று நான் கேட்டேன். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். டைப்பிஸ்ட் அம்மா மறுபடி டைப் அடிக்கத் தொடங்கிவிட்டார்.

இனி எங்கள் அதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலுவலகக் குறிப்பெல்லாம் தமிழில்தான் எழுத வேண்டும் என்று அரசு கண்டிப்பாகச் சொல்லியிருந்த காலம். எனக்கு அது கொண்டாட்டம். "முகாந்திரம்", "மேற்படி நபர்" என்றெல்லாம் வரிந்து கட்டிக்கொண்டு எழுதுவேன். அவருக்கு அது தலைவலி. இங்கிலீஷில் வரைவு எழுதியே பாதி சர்வீஸை ஓட்டியவர். மேடைகளில் தமிழ் வாழ்க என்பார், மேஜையில் தமிழைக் கண்டால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். குறிப்பின் கடைசி வரியை மட்டும் பார்ப்பார். ஏற்கலாம் என்றிருந்தால் ஏற்பு, தள்ளலாம் என்றிருந்தால் தள்ளுபடி, பச்சை மையில் ஒரு கையெழுத்து. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து யாரும் கவலைப்பட்டதில்லை.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்துபோய்க்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், அப்பா காலத்திலிருந்து குத்தகைக்கு உழுகிறார். குத்தகை நெல்லை வருஷம் தவறாமல் அளந்திருக்கிறார், மிராசுதார் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கொடுத்ததில்லை. ஊர்க் கணக்கு எழுதும் கர்ணமோ சாகுபடிக் கணக்கான அடங்கலில் மிராசுதாரின் சொந்தச் சாகுபடி என்றே எழுதி வைத்திருந்தார். ஆனாலும் எங்கள் ஆய்வாளர் நேரில் போய் விசாரித்ததில் அண்டை வயல்காரர்கள் நாலு பேர் துணிந்து சாட்சி சொல்லிவிட்டார்கள். அந்த வருஷம் அப்படிச் சாட்சி சொல்வது சின்னக் காரியம் இல்லை. விவசாயச் சங்கக் கொடி பிடித்தவன் தலையும் உடைந்துகொண்டிருந்தது, பிடிக்காதவன் தலையும் உடைந்துகொண்டிருந்தது. அவர் என் ஜன்னலுக்கு வந்து, "ஐயா, நம்ம மனுக்கட்டு மேல போயிடுச்சுங்களா?" என்று மட்டும் கேட்பார். நாளை போகும் என்று நானும் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு மதியம் எழுதிவிட்டேன். மேற்படி நிலத்தை மனுதாரர் உழுது வருவது விசாரணையில் தெளிவாகிறது, பதிவுக்கு ஏற்கலாம். அதே மதியம், அதே மேஜையில், புதிதாக வந்த ஒரு காமிக்ஸுக்கும் எழுதினேன். வியாழன் கிரகத்திலிருந்து விழுந்தவன் ஒருவன் ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்தும் கதை. இரண்டும் அரைத்தாள், இரண்டுக்கும் குண்டூசி. பியூன் கட்டுகளை எடுக்க வந்து நின்றான். பாய் எதிரிலிருந்து கையசைத்தார். நான் அவசரத்தில் குத்தினேன்.

மூன்று வாரம் எனக்கு ஒன்றும் தெரியாது. டைப்பிஸ்ட் அம்மா லீவில் போயிருந்தார். திரும்பி வந்த அன்று மதியம் ஒரு காமிக்ஸோடு என் மேஜைக்கு வந்தார். நான் முதல்முறையாக ஒன்றை நல்லது என்று எழுதியிருக்கிறேன் என்று பாய் ஊரெல்லாம் சொல்லி, இவருக்கென்று ஒன்றை எடுத்தும் வைத்திருந்தாராம். அட்டையில் சீட்டு அப்படியே இருந்தது. சர்வே எண், ஆறு மா, பதிவுக்கு ஏற்கலாம்.

பாயிடம் ஓடிப் போய்க் கேட்டேன். "நடுவுல நம்பரெல்லாம் இருந்துச்சு தம்பி. கதைல வர்ற ராக்கெட் நம்பருன்னு நெனச்சேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவரும் கடைசி வரியைத்தான் பார்த்திருக்கிறார்.

கட்டை எடுத்துப் பிரித்தேன். அந்த விவசாயியின் மனுவின் மேல் என் சீட்டு குத்தியிருந்தது. இவர் வியாழன் கிரகத்திலிருந்து வந்தவர் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஓடும் ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்தியதாகச் சொல்வது நம்பும்படி இல்லை. வில்லன் மட்டும் கொஞ்சம் தேவலாம். தள்ளுபடி செய்யலாம். அதற்குக் கீழே பச்சை மையில் கையெழுத்து, தேதியோடு. அதை வைத்து வேறொரு மேஜையில் சைக்ளோஸ்டைல் படிவத்தில் பெயரை நிரப்பி உத்தரவும் அனுப்பிவிட்டார்கள். மிராசுதார் அந்த உத்தரவைக் காட்டிப் போலீஸ் வேனைக் கொண்டுவந்து வரப்பில் நிறுத்திவிட்டார் என்பதும், நடவுக்குத் தயாராக இருந்த நாற்று நாற்றங்காலிலேயே முற்றிக்கொண்டிருக்கிறது என்பதும் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டதும் தெரிந்தது. நான் பயந்துபோனேன். அதில் பாதி அவருக்காக, பாதி என் வேலைக்காக. எது பெரிய பாதி என்று இப்போது பொய் சொல்ல விருப்பமில்லை.

நான் கொண்டுபோய் நீட்டிய சீட்டை அதிகாரி முழுக்கப் படித்தார். என் எழுத்தை அவர் முழுக்கப் படித்தது அன்று ஒருநாள்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறையும் படித்தார். மனுதாரர் மேல்முறையீட்டுக்காக இந்தக் குறிப்பின் நகல் கேட்டு அன்று காலைதான் மனு போட்டிருந்தார். நகல் வெளியே போனால் இரண்டு பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"இதைக் கிழிச்சுப் போடுங்க. ரசீது இல்ல, அடங்கல்ல பேரு இல்ல. அதை வெச்சு ஒரு குறிப்பு எழுதுங்க, பழைய தேதில. உங்களுக்கா எழுதத் தெரியாது?"

எனக்கு எழுதத் தெரிந்திருந்தது. அதுதான் கேவலம். திருத்த உத்தரவு போடலாமே என்று ஒரு வார்த்தை கேட்டேன், பலவீனமாக. அவர் என்னைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன். இருபது நிமிஷத்தில் எழுதி முடித்தேன். சாகுபடி செய்ததற்கு எழுத்து மூலமான ஆதாரம் ஏதும் இல்லை என்றும், அண்டை வயல்காரர்கள் சொல்வது நம்பும்படி இல்லை என்றும் எழுதினேன். நடுவில் ஒரு சொல்லை அடித்து அதைவிட நல்ல சொல்லாகப் போட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு நடை முக்கியமாக இருந்திருக்கிறது.

நகலை டைப் அடிக்க அந்த அம்மாவிடம்தான் கொடுக்க வேண்டும். அவர் படித்தார், அடித்தார், கொடுத்தார்.

நாலு நாள் கழித்து விவசாயி நகலோடு என் ஜன்னலுக்கு வந்தார். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லச் சொன்னார். படித்தேன். குரலைத் தாழ்த்திப் படித்தேன், ஆனாலும் எல்லாவற்றையும் படித்தேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மஞ்சள் பையிலிருந்து ஒரு காமிக்ஸை எடுத்தார். அட்டையில் குண்டூசியோடு அந்த அரைத்தாள்.

"இதையும் படிங்க."

அதையும் படித்தேன். ஆறு மா. உழுது வருவது விசாரணையில் தெளிவாகிறது.

"ரெண்டையும் எழுதினது ஒரே ஆளுன்னு டைப் அடிக்கிற அம்மா சொல்றாங்க. நான் படிக்காதவங்க. ரெண்டுல எதுங்க நெசம்?"

அரைத்தாளைத் தொட்டுக் காட்டினேன்.

"மேல உள்ள ஆபீசுல விசாரணைக்குக் கூப்பிட்டா வந்து அதைச் சொல்லுவீங்களா?"

"சொல்றேன்" என்றேன்.

அவர் நம்பிவிட்டார். காமிக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார். சொன்னபோது நானும் அதை நம்பித்தான் சொன்னேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது நெஞ்சு லேசாக இருந்தது, நிமிர்ந்துகூட நடந்தேன்.

ஒரு வாரத்தில் சம்மன் வந்தது. எனக்கும், என் கையெழுத்தை அடையாளம் காட்ட டைப்பிஸ்ட் அம்மாவுக்கும். விசாரணைக்கு முதல் நாள் நான் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் போய் மஞ்சள் காமாலை என்று சர்டிபிகேட் வாங்கினேன். பத்து நாள் பத்தியச் சோறு தின்றேன். யாராவது பார்க்க வந்தால் மாட்டிக்கொள்ளக் கூடாதே. யாரும் வரவில்லை.

அந்த அம்மா போயிருக்கிறார். இரண்டும் அந்த உதவியாளர் எழுத்துதான், பிந்தியதைப் பழைய தேதியில் எழுத வைத்தார்கள், நகலை அடித்தவள் நான் என்று நின்று சொல்லியிருக்கிறார். மேல்முறையீட்டு அதிகாரி கட்டை வரவழைத்துப் பார்த்து விவசாயியின் பெயரைப் பதிவுசெய்யச் சொல்லி உத்தரவு போட்டார். அதற்குள் நாற்று முற்றிப் போயிருந்தது. அந்தப் போகம் அவருக்கு இல்லை. அடுத்த போகத்திலிருந்து ஆறு மாவும் அவர் பெயரில் சாகுபடி. எங்கள் அதிகாரி மேலே யாரையோ பார்த்தார். குறிப்பு தவறுதலாக மாறிவிட்டது, வேண்டுமென்று யாரும் செய்யவில்லை என்று முடித்துக்கொண்டார்கள். அலுவலக ரகசியத்தை வெளியாளுக்குக் கொடுத்ததாக டைப்பிஸ்ட் அம்மாவுக்கு மட்டும் சம்பள உயர்வை நிறுத்தி, வேதாரண்யம் பக்கம் மாற்றல் போட்டார்கள். போகிற அன்று என்னைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார்.

நான் அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, உயரதிகாரியாகவே ஓய்வு பெற்றேன். பிரிவு உபசார விழாவில் என் பணிப் பதிவேட்டைப் பற்றிப் பேசினார்கள். ஒரு குற்றச்சாட்டு இல்லை, ஒரு விளக்கம்கூடக் கேட்கப்பட்டதில்லை, இப்படி ஒருவரைப் பார்ப்பது அரிது என்றார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கழுத்தில் மாலையோடு எழுந்து நின்று கும்பிட்டேன்.